விளக்கின் மேல் ஒட்டிய பொட்டு

ஒரு மனிதர் இடது காலை இழந்ததற்கு என் நெற்றியிலிருந்து எடுத்த ஒரு ஒட்டுப்பொட்டு காரணம். இது இரண்டு பேருக்குத்தான் முழுதாகத் தெரியும். ஒன்று நான், மற்றது என் கணவர். காலை இழந்தவருக்குத் தெரியாது. அவரிடம் போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று இரண்டு வருடம் நெஞ்சுக்குள் வைத்துப் புழுங்கினேன். சொன்னேனா இல்லையா என்பதற்குக் கடைசியில் வருகிறேன்.

ஆக்லாந்தில் பனி கொட்டாது. மழை கொட்டும், காற்று காதைப் பிய்க்கும், படுக்கையறைச் சுவரில் பூஞ்சணம் படரும். ஆனால் பனிக்கட்டியைப் பார்க்க வேண்டுமென்றால் குளிர்சாதனப் பெட்டியைத்தான் திறக்க வேண்டும். இப்படிப்பட்ட ஊரில் காருக்குக் குளிர்காலச் சில்லு, பனியில் வழுக்காத டயர், பூட்டினால் சனம் சிரிக்காமல் என்ன செய்யும்? சான்ட்ரிங்ஹாம் கடைத்தெருவில் மரக்கறி வாங்கப் போனால், "என்ன, பனிச்சறுக்கப் போறியளோ?" என்று கேட்காத ஆள் இல்லை. நானும் சும்மா விடுவேனா? "ஓம், உங்களையும் கூட்டிக்கொண்டு போய்த் தள்ளிவிடுறன்" என்று சொல்லிவிட்டு வருவேன்.

உண்மைக் காரணத்தைக் கடைத்தெருவில் சொல்ல முடியாது. அந்த வருடம் எங்கள் ஒரே மகள் பால்மர்ஸ்டன் நோர்த்துக்குப் படிக்கப் போயிருந்தாள். மே மாதத்தில் அவளுடைய தொலைபேசி அழைப்பு குறைந்தது. பிறகு அவளோடு ஒரே வீட்டில் இருந்த பிள்ளை எங்களுக்கு எடுத்து, இவள் அறையை விட்டு வெளியே வருவதில்லை, ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை என்றது. வீட்டுக்கு வா என்றால் வரமாட்டேன் என்றாள். அப்படியென்றால் நாங்கள் வருகிறோம் என்றோம். இரண்டு கிழமைக்கு ஒருமுறை, சனிக்கிழமை விடியப் போய் ஞாயிறு திரும்புவது. போக ஆறேழு மணித்தியாலம், வர ஆறேழு மணித்தியாலம். நடுவில் மலைப்பக்கம் டெசர்ட் ரோட் என்று ஒரு பாதை இருக்கிறது. வீடில்லை, கடையில்லை, குளிர்காலத்தில் உறைபனி மட்டும் உண்டு.

முதல் பயணத்திலேயே அங்கே கார் வழுக்கியது. என் கணவர் பிரேக்கை மெல்லத்தான் தொட்டார். கார் தன் பாட்டுக்குக் குறுக்கே திரும்பி எதிர்ப்பக்கம் போய் நின்றது. எதிரே வந்த லொறிக்காரன் ஹோர்னை அமர்த்திப் பிடித்துக்கொண்டு எங்களை உரசுவது போலப் போனான். இவர் காரைக் கரைக்கு எடுத்து நிறுத்திவிட்டு இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். நாட்டை விட்டு வந்த பிறகு அவரை அப்படி அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அடுத்த கிழமையே மனுகாவ் பக்கம் ஒருவர் விற்பனைக்குப் போட்டிருந்த நான்கு குளிர்காலச் சில்லுகளை வாங்கி வந்தார். விற்றவர் தென்தீவிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர், அவருக்கு இனி அவை தேவையில்லை. டயர் கடையில் பூட்டிக்கொடுத்த ஆள் ஒன்றைத் தெளிவாகச் சொன்னான். எங்களுடைய கார் ஐரோப்பியக் கார். அதன் பழைய சில்லு ஒவ்வொன்றுக்குள்ளும் காற்றழுத்தத்தை அளந்து சொல்லும் ஒரு சின்னக் கருவி இருக்கிறது. வாங்கி வந்த சில்லுகளுக்குள் அது இல்லை. அதனால் கருவியைக் காணோம் என்று கார் எச்சரிக்கை விளக்கைப் போட்டுக்கொண்டே இருக்கும். புதுக் கருவி பூட்டலாம். இல்லாவிட்டால் கோடையில் பழைய சில்லுகளை மாட்டும்வரை விளக்கைக் கண்டுகொள்ள வேண்டாம். இவர் கண்டுகொள்ளாமல் விடுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தார்.

அந்த விளக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மஞ்சள் நிறம். சட்டி ஒன்றைக் குறுக்கே வெட்டி, உள்ளே ஒரு ஆச்சரியக்குறியைப் போட்ட மாதிரி ஒரு வடிவம். காரை இயக்கியதும் ஒரு நிமிடத்துக்கு மேல் மின்னும். பிறகு மின்னலை நிறுத்திவிட்டு அணையாமல் எரியும். மீட்டர் பலகையின் இடது ஓரத்தில், பார்க்காதே என்றாலும் பார்க்க வைக்கிற இடத்தில் இருந்தது. பகலில் தெரியாது. ஜூன் மாதத்தில் ஐந்தரைக்கே இருட்டிவிடும். இருட்டுப் பாதையில் முன்னால் பார்க்கிற கண்ணுக்குள் அந்தக் கோதாரி மஞ்சள் வந்து குத்திக்கொண்டே இருக்கும்.

எனக்குப் பொறுமை கிடையாது. அம்மா பெற்றபோதே பொறுமையை வைக்க மறந்துவிட்டாள் என்று இவர் சொல்வார். அப்படி ஒரு ஞாயிறு, மகள் எங்களோடு நாலு வார்த்தை கூடக் கதைக்காமல் வழியனுப்பிவிட்ட நாள், வையூருவில் தேநீர் குடித்துவிட்டு நான் ஸ்டியரிங்கைப் பிடித்தேன். காரை எடுத்ததும் அது மின்னத் தொடங்கியது. எனக்கு வந்த விசரில், "நாசமாப் போன வெளிச்சம், உனக்கு இருக்கு" என்று சொல்லிக்கொண்டே நெற்றியில் இருந்த பொட்டை உரித்து அதற்கு மேல் ஒட்டினேன். என் பொட்டு எப்போதும் பெரிசு. மெரூன் நிறம், பத்துச் சத நாணயக் குற்றியளவு. விளக்கு முழுதாக மறைந்துபோனது.

இவர் பக்கத்திலிருந்து வாய்விட்டுச் சிரித்தார். "இனி உமக்குச் சக்களத்தி ஒண்டு வந்திட்டுது" என்றார். மகளுக்கு என்ன ஆகுமோ என்று நெஞ்சு பதைத்துக்கொண்டிருந்த அந்த மாதத்தில் அவர் சிரித்ததே எனக்குப் பெரிய காரியமாக இருந்தது. ஹமில்டன் வரும்வரை நானும் அதை நினைத்து நினைத்துச் சிரித்தேன்.

இனி காலை இழந்த அந்த மனிதரைச் சொல்ல வேண்டும். அவர் மதுரைக்காரர். நாற்பது வயது. மங்கரேயில் விமான நிலையத்துக்குப் பக்கத்துச் சரக்குக் கொட்டகையில் இவரோடு ஒன்றாக வேலை செய்தவர். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு அறையில் தனியாக இருந்தார். மனைவி மதுரையில், விசாவுக்குக் காத்திருந்தார். அவரிடம் கார் இல்லை. விடியற்காலை ஐந்தேகாலுக்கு இவர் போய் ஏற்றிக்கொண்டு போவார். இவரை அண்ணே என்பார், என்னை அக்கா என்பார். வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. தேங்காய்ப்பால் விட்ட என்னுடைய சொதியைக் குடித்துவிட்டு, "இது ரசமா, பாயசமாக்கா?" என்று கேட்டு என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார்.

திங்கட்கிழமை காரில் ஏறியவர் பொட்டைக் கண்டிருக்கிறார். "அண்ணே, வண்டிக்கு பூஜை போட்டீங்களா?" என்று கேட்டிருக்கிறார். அவர் ஊரில் புதுக்கார், பழைய கார், லொறி, எதுவானாலும் பூஜை போட்டுப் பொட்டு வைப்பார்கள். இவருக்குப் பகிடி விட ஒரு சாட்டுக் கிடைத்தது. "ஓம், கோயில்லை ஐயர் வச்சுவிட்டவர்" என்று சொல்லிவிட்டார். அவர் உடனே எட்டி அதை விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாராம். அன்றிரவு சாப்பிடும்போது இவர் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். "பாவம் அந்த மனுசன், உண்மையைச் சொல்லுங்கோ" என்று நான் சொன்னேன். சொல்லிக்கொண்டே நானும் சிரித்தேன்.

இவர் உண்மையைச் சொல்லவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. ஒவ்வொரு நாளும் அவர் ஏறியதும் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் பெல்ட் போடுவார் என்று கேள்விப்பட்டபோது சிரிப்பு நின்று ஒரு கூச்சம் வந்தது. அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது? தினமும் கும்பிடுகிற மனுசனிடம் போய், தம்பி அது என்னுடைய நெற்றி வியர்வை என்றா சொல்வது?

எங்களை எச்சரித்தது ஒரே ஒருத்தி. ஜூலையில் மகளைச் சாப்பிடக் கூட்டிக்கொண்டு போனோம். காரில் ஏறியவள் பொட்டைப் பார்த்துவிட்டு, அம்மா, அதை மூடக்கூடாது, ஒரு காரணத்துக்காகத்தான் அந்த விளக்கை வைத்திருக்கிறார்கள் என்று இங்கிலீசில் சொன்னாள். "நீ முதல் வடிவாச் சாப்பிடு. பிறகு எனக்குப் படிப்பிக்கலாம்" என்றேன். அன்றைக்கு அவள் உண்மையாகவே சாப்பிட்டாள். ஒரு கோப்பை சோற்றையும் முடித்தாள். அந்தச் சந்தோசத்தில் அவள் சொன்னது எனக்கு மறந்துபோயிற்று.

செப்டெம்பரில் அவள் தேறினாள். எங்கள் பயணமும் நின்றது. பழைய சில்லுகளைத் திரும்ப மாட்டும் வேலை என் தலையில் விழுந்தது, இவருக்கு அன்றைக்கு வேலை. அதே டயர் கடை, அதே ஆள். முடித்துவிட்டுக் கார்த் திறப்பைத் தந்தபோது, இனி விளக்கு ஒழுங்காக வேலை செய்யும், எரிந்தால் உண்மையாகவே காற்றுக் குறைந்திருக்கிறது என்று அர்த்தம் என்றான். நான் தலையாட்டிவிட்டுக் காருக்குள் ஏறினேன்.

அந்த நேரத்தை நான் எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். பொட்டைக் கழற்ற வேண்டும் என்று எனக்குத் தெரியும். கையைக் கொண்டுபோனேன். நகத்தால் அதன் ஓரத்தைக் கிளப்பியும் விட்டேன். அப்போது அவர் அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை சொன்னது ஞாபகத்துக்கு வந்தது. "அந்தப் பொட்டு வச்சதுக்கு அப்புறம்தான்க்கா விசா பேப்பரே நகருது. இல்லன்னா எங்க, கெடப்புல கெடந்துச்சு." அப்படிச் சொன்னவர் நாளைக்கு ஏறிப் பார்த்து அது இல்லையென்றால் என்ன நினைப்பார்? அவர் போகட்டும், எனக்கே கை கூசியது. நானே ஒட்டின பொட்டு, என் மேசை லாச்சிக்குள் இருக்கிற அட்டையில் இன்னும் பத்து இருக்கிறது, அதைக் கழற்ற எனக்குப் பயம் வந்தது. மூன்று மாதம் ஒருவர் கும்பிட்டதால் எனக்கும் அது சாமியாகிவிட்டது. பிறகு பார்ப்போம் என்று, கிளப்பிய ஓரத்தைப் பெருவிரலால் அமர்த்தி ஒட்டினேன்.

நவம்பரில் ஒருநாள் காலை நான் வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தேன். முதியோர் இல்லத்தில் எனக்கு வேலை. வாசலில் ஒரு பொலிஸ்காரியும் பொலிஸ்காரனும் நின்றார்கள். நாங்கள் விட்டுவந்த நாட்டில் பொலிஸ் வாசலுக்கு வந்தால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும், கதவு நிலையில் சாய்ந்துவிட்டேன். அந்தப் பெண் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, உங்கள் கணவர் உயிரோடு இருக்கிறார் என்று அதைத்தான் முதலில் சொன்னாள்.

மோட்டர்வேயில், மங்கரேப் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால், இடது பின் டயர் வெடித்திருக்கிறது. கார் சுழன்று தடுப்புச்சுவரில் இடதுபக்கத்தால் மோதியிருக்கிறது. இவருக்கு இரண்டு விலா எலும்பில் முறிவும் நெற்றியில் ஒரு வெட்டும். இடது இருக்கையில் இருந்த மதுரைக்காரரைக் காரை வெட்டித்தான் வெளியே எடுத்தார்கள். நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவரைச் சத்திரசிகிச்சைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மத்தியானம் வெளியே வந்த வைத்தியர், முழங்காலுக்குக் கீழே காப்பாற்ற முடியவில்லை என்று சொன்னார். உறவு என்று பக்கத்தில் நின்றது நான்தான். மதுரைக்கு அழைத்து அவருடைய மனைவியிடம் சொன்னதும் நான்தான். ஒரு புருஷனுக்குக் காலில்லை என்று முகம் தெரியாத பெண்ணுக்குத் தொலைபேசியில் எப்படிச் சொல்வது? "தங்கச்சி, உயிருக்கு ஒண்டுமில்லை" என்று, அந்தப் பொலிஸ்காரியிடம் கற்றதையே சொன்னேன்.

அன்றைக்குச் சாயந்தரம் வரை எனக்குப் பொட்டு ஞாபகமே இல்லை. வீட்டுக்கு வந்து முகம் கழுவினேன். கண்ணாடியில் என் பொட்டைப் பார்த்தேன். அப்படியே குளியலறைத் தரையில் இருந்துவிட்டேன்.

மூன்று கிழமை கழித்து ஒரு பொலிஸ் அதிகாரி வீட்டுக்கு வந்தார். காரைச் சோதித்தாயிற்று. டயருக்குள் ஒரு திருகாணி ஏறியிருந்திருக்கிறது, சரக்குக் கொட்டகை முற்றத்தில் ஏறியிருக்கலாம். காற்று மெல்ல மெல்லப் போய், குறைந்த காற்றோடு சில நாட்களாவது ஓடி, பக்கச்சுவர் வெந்து வெடித்திருக்கிறது. அவர் சில படங்களைக் காட்டினார். ஒன்றில் மீட்டர் பலகை. அதன் இடது ஓரத்தில் என் பொட்டு. இது என்ன என்று கேட்டார். இவர், எங்கள் சமயத்து வழக்கம் என்றார். அதிகாரி அதை மரியாதையோடு எழுதிக்கொண்டு அடுத்த படத்துக்குப் போனார். கார் செத்துக் கிடந்தது, விளக்கு எதுவும் எரியாது, அதற்குக் கீழே என்ன இருக்கிறதென்று அவருக்கு எப்படித் தெரியும்?

பிறகு கேட்டார். இந்தக் காரில் காற்றழுத்த எச்சரிக்கை விளக்கு இருக்கிறது. அது எரிந்ததா? நீங்கள் பார்த்தீர்களா?

நான் தேநீர்த் தட்டோடு கதவடியில் நின்றேன். இல்லை, பார்க்கவில்லை என்று சொன்னால் அது உண்மை. இவர் நிமிர்ந்து, ஆம், எரிந்தது, பார்த்தேன், கிழமைக் கடைசியில் காற்றடிக்கலாம் என்று விட்டுவிட்டேன் என்று இங்கிலீசில் நிதானமாகச் சொன்னார். அதிகாரி அதையும் எழுதிக்கொண்டார்.

அவர் போனதும் நான் தட்டை மேசையில் அடித்து வைத்தேன். "உங்களுக்கென்ன விசரோ? ஏன் பாத்தனான் எண்டு சொன்னனீங்கள்?"

"காரோட்டினது நான். பாக்கவேண்டியது என்ரை வேலை."

"நான் ஒட்டின பொட்டு அது. கழட்டாமல் விட்டதும் நான். கூப்பிடுங்கோ அந்தாளை, நான் சொல்லுறன்."

"இரும். கோயில்லை வச்சதெண்டு அவனுக்குப் புளுகினது ஆர்? நான். அந்தப் புளுகு இல்லாட்டி நீர் அண்டைக்கே கழட்டியிருப்பீர்."

"அதுக்காக?"

"உம்மைக் கோட்டிலை ஏத்தி, பொட்டெண்டால் என்ன, ஏன் ஒட்டினனீர் எண்டு நாலு பேர் கேக்க, நீர் அழுது அழுது விளக்குறதை என்னாலை பாக்க ஏலாது. முடிஞ்சுது. இனி இதைக் கதைக்காதையும்."

முப்பது வருடத்தில் அவர் என்னை அப்படி அடக்கியதில்லை. நான் அடங்கினேன். அடங்கியதில் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது, அதுதான் என்னை இன்றைக்கும் அரித்துக்கொண்டிருக்கிறது.

மனுகாவ் நீதிமன்றத்தில் வழக்கு. கவனமில்லாமல் ஓட்டிக் காயம் ஏற்படுத்திய குற்றத்தை இவர் ஒப்புக்கொண்டார். ஓட்டும் உரிமத்தைப் பறித்தார்கள், சமூகசேவைத் தண்டனை கொடுத்தார்கள். மதுரைக்காரர் சக்கர நாற்காலியில் வந்திருந்தார். அவசர விசாவில் வந்து சேர்ந்த மனைவி பின்னால் நின்றார். விளக்கைப் பார்த்தும் ஓட்டினார் என்று வாசித்தபோது மதுரைக்காரர் தலையைத் தூக்கினார். அதுவரைக்கும் அவருக்கு அது தெரியாது. டயர் வெடித்தது, விதி, அண்ணன் என்ன செய்வார் என்றுதான் ஆஸ்பத்திரியில் எங்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் நாற்காலியை இவருக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்.

"லைட்டு எரிஞ்சதாண்ணே?"

"ஓம்."

"பாத்தீங்களா?"

"ஓம்."

"பாத்துட்டும் என்னை ஏத்திட்டுப் போனீங்களா?"

"ஓம்."

மூன்று ஓம். மூன்றாவது ஓமுக்கு இவருடைய குரல் உடைந்தது. எனக்கு ஊரறிந்த வாய். சந்தையில், கோயிலில், வேலையிடத்தில், யாருக்கும் விட்டுக்கொடுக்காத வாய். அந்த வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் மரம் மாதிரி நின்றேன். மனைவி நாற்காலியைத் திருப்பித் தள்ளிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு அவர் இவரோடு கதைக்கவே இல்லை.

சனம் கதைத்தது. "லைட் எரிஞ்சும் ஓடினவராம், ரெண்டு காசு மிச்சம் பிடிக்கப் பாத்தவராம்" என்று என் காதுபடச் சொன்னார்கள். முன்பென்றால் மயிரைப் பிடித்திருப்பேன். இப்போது பையைத் தூக்கிக்கொண்டு விலகிப்போனேன். இவர் கொட்டகை வேலையை விட்டார். அங்கே எல்லோரும் மதுரைக்காரருடைய நண்பர்கள், இவருக்கு முகம் கொடுக்க ஒருவரும் இல்லை. பிறகு ஒரு பாடசாலையில் துப்புரவு வேலை, பஸ்ஸில் போய்வருவார். வெள்ளிக்கிழமைகளில் மூன்றாவது சாப்பாட்டுக் கோப்பையை எடுத்து வைத்துவிட்டு, திரும்ப எடுத்து அலுமாரிக்குள் வைப்பேன்.

நான் பொட்டு வைப்பதை விட்டிருந்தேன். கையில் எடுத்தால் குமட்டும். ஒரு மாதம் பொறுத்துப் பார்த்த இவர் ஒருநாள் பொட்டு அட்டையைக் கொண்டுவந்து எனக்கு முன்னால் போட்டார். "நான் இன்னும் சாகேல்லை. வையும்" என்றார். அழுதுகொண்டே வைத்தேன்.

இரண்டு வருடம் போயிற்று. விபத்து நடந்த அந்த மோட்டர்வேயைப் புதுச் சுரங்கத்தோடு இணைத்துத் திறந்துவிட்டார்கள். எங்களிடம் கார் இல்லாததால் அதை நாங்கள் தொலைக்காட்சியில்தான் பார்த்தோம். அப்போதுதான் ஒரு சனிக்கிழமை மதுரைக்காரர் எனக்குத் தொலைபேசி எடுத்தார். "அக்கா, ஒரு கார் வாங்கிருக்கேன். இடது கால்தானே போச்சு, ஆட்டோமேட்டிக்குக்கு வலது கால் போதும்னு ஓட்டப் பழகிட்டேன். நீங்க ஒரு தடவ வரணும். நீங்க மட்டும் வாங்கக்கா."

இவரிடம் சொன்னேன். சொல்லிவிட்டு, "இண்டைக்கு நான் அவரிட்டை எல்லாம் சொல்லப்போறன். நீங்கள் மறிக்கக்கூடாது" என்றேன். இவர் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "உம்மடை விருப்பம்" என்றார். இரண்டு வருடத்தில் முதல் தடவையாக அவர் மறிக்கவில்லை. இவருக்கும் தன் நண்பர் வேண்டும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. கோப்பையை எடுத்து வைப்பது நான் மட்டும் என்று நினைத்திருந்தேன்.

பஸ்ஸில் இருந்தபடி வசனம் வசனமாகப் பாடமாக்கினேன். தம்பி, அண்ணை விளக்கைப் பார்க்கவில்லை. விளக்கு தெரியவில்லை. அதை மறைத்தது நான்.

வீட்டில் மனைவி தேநீர் கொண்டுவந்து தந்தார். மதுரைக்காரர் செயற்கைக் காலோடு நடந்து வந்து எதிரே இருந்தார். இளைத்திருந்தார். நலம் விசாரித்தார், மகளைப் பற்றிக் கேட்டார், இவரைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. நான் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "தம்பி, அந்தப் பொட்டு..." என்று தொடங்கினேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அதுக்குத்தான்க்கா உங்களக் கூப்பிட்டேன்! உங்களுக்கும் அதே நெனப்பா?" என்றார். "அன்னைக்குக் காலையிலகூட தொட்டுக் கும்பிட்டுத்தான் உக்காந்தேன். வண்டி இருந்த நெலமைக்கு நான் செத்துருக்கணும். டாக்டரே சொன்னாரு. காலோட போச்சு. அந்தப் பொட்டுதான்க்கா காப்பாத்துச்சு. ராத்திரி வலி தாங்காம செத்துரலாம்னு நெனைக்கிறப்பெல்லாம், நம்மள ஏதோ ஒண்ணு பிடிச்சு வச்சிருக்குன்னு அதத்தான் நெனச்சுக்குவேன்."

மனைவி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். "தினமும் அதத்தான் சொல்லுவாருக்கா" என்றார்.

"அண்ணன் மேல என் கோவம் போகாதுக்கா, அது வேற. உங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. உங்க நல்ல மனசுக்கு, புது வண்டிக்கும் நீங்களே ஒரு பொட்டு வச்சு விடணும். ஐயர் வேணாம். நீங்க வச்சாப் போதும்."

கீழே வைத்த தேநீர்க் கோப்பையைத் திரும்பக் கையில் எடுத்தேன். சொன்னால் என் கணவருக்கு அவர் மானம் திரும்பும். சொன்னால் எதிரே இருக்கிற மனிதருக்கு இரவில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது. இரண்டையும் வைத்துப் பார்த்தேன் என்று பெரிய மனுசி மாதிரி இங்கே எழுதலாம். பொய். எனக்குப் பயமாக இருந்தது. அவ்வளவுதான். அந்த முகம் என்னைப் பார்த்து மாறுவதை என்னால் தாங்க முடியாது என்று இருந்தது.

வெளியே கார் நின்றது. சின்னக் கார், வெள்ளை. நான் காரோட்டி இருக்கையில் இருந்தேன். அவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். நெற்றிப் பொட்டை உரித்து விரல் நுனியில் வைத்துக்கொண்டு, "தம்பி, திறப்பைத் தாங்கோ" என்றேன்.

"எதுக்குக்கா?"

"ஒருக்கால் போட்டுப் பாக்கவேணும்."

திறப்பைத் திருப்பினேன். இயந்திரம் தொடங்குவதற்கு முந்திய அந்தக் கணத்தில் ஒரு காரில் உள்ள எல்லா எச்சரிக்கை விளக்குகளும் ஒன்றாக எரியும். சிவப்பு, மஞ்சள், பச்சை. ஒவ்வொன்றாக எண்ணினேன். அவை அணைந்தன. திரும்பப் போட்டேன், திரும்ப எண்ணினேன். மூன்றாம் முறையும் போட்டபோது அவருடைய மனைவி, அக்கா ஏதோ மந்திரம் சொல்கிறார் என்று பின்னால் மெல்லச் சொன்னது கேட்டது. பிறகு மீட்டர் பலகையை விட்டுத் தள்ளி, ரேடியோவுக்கும் கீழே, எந்த விளக்கும் எந்த எழுத்தும் இல்லாத ஒரு கறுப்பு மூலையில் ஒட்டினேன். அவர் குனிந்து அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

வீட்டுக்கு வரும்போது இவர் வாசலில் நின்றார். வெளியே போவதற்குப் போடும் சட்டையைப் போட்டிருந்தார், தலை வாரியிருந்தார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு பொட்டில்லாத நெற்றியைப் பார்த்தார். உள்ளே போய்ச் சட்டையைக் கழற்றிக் கொக்கியில் கொழுவினார். நான் சமையலறையில் தண்ணீர் குடித்துக்கொண்டு நின்றேன். அவர் பின்னால் வந்து நின்றார்.

"விளக்கு ஒண்டும் மறைய ஒட்டேல்லைத்தானே?"

"இல்லை" என்றேன். "போட்டுப் பாத்துத்தான் ஒட்டினனான்."